கேமராக்கள் நடத்திய தாக்குதல்

கேள்வி: ஓர் இணையதளம் முடங்கினால், அதிலுள்ள தகவல்கள் திருடப்பட்டுவிட்டன என்று பொருளா? – வாசகர், தென்காசி

பதில்: அப்படிக் கொள்ள வேண்டியதில்லை. ஊடுருவித் திருடுவது ஒரு வகைக் குற்றம். உள்ளே நுழையாமலேயே, போலிக் கோரிக்கைகளைக் குவித்துச் சர்வரைத் திணறடிப்பது வேறு வகை. 2016 அக்டோபர் 21 அன்று அமெரிக்காவின் டைன் (Dyn) நிறுவனத்தின் மீது நடந்தது இரண்டாவது வகைத் தாக்குதல். இணையதளப் பெயர்களுக்கு உரிய எண் முகவரிகளைக் கண்டறிந்து தரும் சேவையை அந்நிறுவனம் நடத்திவந்ததால், ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் போன்ற தளங்கள் நேரடியாகத் தாக்கப்படாமலேயே பலருக்கும் கிடைக்காமல் போயின. தாக்கியவை பெரும்பாலும் வழக்கமான கணினிகள்கூட அல்ல. தயாரிப்பாளர் வைத்த பாஸ்வேர்டு மாற்றப்படாத கண்காணிப்பு கேமராக்களையும் அவை போன்ற சாதனங்களையும் ‘மிராய்’ என்ற தீநிரல் கைப்பற்றி ஏவியது. (உரிமையாளர்கள் பலருக்கு இது தெரிந்தே இருக்காது.) சாதனத்தை அணைத்து மீண்டும் இயக்கினால் மிராய் அழிந்துவிடும், பாஸ்வேர்டை மாற்றாவிட்டால் விரைவிலேயே மறுபடியும் தொற்றிக்கொள்ளும்.