டெல்வின் மில்லரை ஹார்னஸ் பந்தய உலகம் ஏன் இன்றும் நினைவுகூர்கிறது?

ஹார்னஸ் பந்தயத்தில் ஓட்டுநர் குதிரையின் முதுகில் ஏறுவதில்லை. இலேசான இருசக்கர வண்டியில் அமர்ந்து, குதிரை நாலுகால் பாய்ச்சலுக்கு மாறிவிடாதபடி அதன் நடையைக் காத்துச் செலுத்துகிறார். உடல் எடையைவிடக் கைப்பக்குவமே இதில் பெரிது என்பதால், முதுமையிலும் ஒருவரால் களத்தில் நிற்க முடிகிறது. 1913இல் பிறந்து 1996இல் மறைந்த அமெரிக்கரான மில்லர் எட்டுப் பத்தாண்டுகளில் பந்தயம் ஓட்டினார் என்பது எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது.

இரண்டாம் உலகப் போரில் படைவீரராகப் பணியாற்றித் திரும்பிய அவர், 1948இல் 21,000 டாலருக்கு வாங்கிய அடியோஸ் என்ற பொலிகுதிரையின் வழித்தோன்றல்கள் ஹார்னஸ் உலகின் பெரும் பந்தயங்களுள் ஒன்றான லிட்டில் பிரவுன் ஜக்கை எட்டு முறை வென்றன. 1950இல் லஸ்டி சாங் என்ற குதிரையை ஓட்டி, அதேபோல் புகழ்பெற்ற ஹாம்பில்டோனியன் பந்தயத்தையும் வென்ற அவரது முயற்சியால், 1963இல் பென்சில்வேனியாவில் மெடோஸ் பந்தயத் திடல் திறக்கப்பட்டது.