ஜோஷுவா ட்ரீ: ஆண்டு பாஸ் இருந்தும் முகாமுக்குக் கட்டணம் ஏன்?

கலிஃபோர்னியாவின் ஜோஷுவா ட்ரீ தேசியப் பூங்காவில், ஆண்டு பாஸ் இருந்தும் முகாம் இடத்துக்குப் பணம் பிடித்துவிட்டார்களே என்று கேட்டிருந்தீர்கள். பணம் தவறாகப் பிடிக்கப்படவில்லை. அமெரிக்க தேசியப் பூங்காக்களில் செல்லும் 'அமெரிக்கா தி பியூட்டிஃபுல்' ஆண்டு பாஸ் வாசல் கட்டணத்துக்கு மட்டும்தான். அதாவது ஒரு காருக்கு 7 நாளைக்கு வாங்கும் 30 டாலர் உங்களுக்கு மிச்சம். கூடாரம் போடும் இடத்துக்குத் தனியாகத்தான் கட்ட வேண்டும்.

உங்கள் நண்பருக்குப் பாதிதான் ஆனது என்கிறீர்களே, அவரிடம் இருப்பது 62 வயது நிரம்பியவர்களுக்கான பாஸாக இருக்கும். முகாம் கட்டணத்தில் பாதித் தள்ளுபடி அதற்கும், மாற்றுத்திறனாளிகளுக்கான பாஸுக்கும்தான். அவருடைய அட்டையில் 'சீனியர்' என்று இருக்கிறதா என்று ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள்.

அப்புறம், நீங்கள் பதிவு செய்திருக்கும் ஜம்போ ராக்ஸ் முகாமில் தண்ணீர்க் குழாயே கிடையாது. பாறைகளுக்கு நடுவே அருமையான இடம்தான், ஆனால் பல் துலக்கக்கூடக் கேனைத்தான் சாய்க்க வேண்டும். தண்ணீர் வேண்டுமென்றால் அதே பூங்காவில் உள்ள பிளாக் ராக், காட்டன்வுட் முகாம்களைப் பாருங்கள். ஹிடன் வேலி முகாமில் முன்பதிவு இல்லை, முதலில் வருபவருக்கே இடம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அதை நம்பிப் போகாதீர்கள்.

பாஸின் பின்பக்கம் கையெழுத்துப் போட்டீர்களா? வாசலில் புகைப்பட அடையாள அட்டையும் கேட்பார்கள்.