உயரம் குறைந்த பையன் வாலிபாலை நம்பி வாழ முடியுமா?

மகனுக்கு 16 வயது, 5 அடி 7 அங்குலம், பர்மாவில் மோல்மீனில் பள்ளி அணியில் ஆடுகிறான், "உயரம் போதாது, படிப்பைப் பார்" என்று கோச் சொல்லிவிட்டார், என்ன செய்யலாம் என்று கேட்டிருக்கிறீர்கள், சகோதரி. நீங்கள் எழுதாவிட்டாலும், அவன் அப்பாவும் கோச் பக்கம்தான் என்று நினைக்கிறேன். என் வீட்டில் அப்படித்தான் இருந்தது.

நான் மோல்மீனுக்குத் தெற்கே முதோன் பக்கத்து ஆள். என் உயரமும் அதே 5 அடி 7தான். ரப்பர் தோட்டத்துக்குப் பின்னால் செம்மண் தரையில் இரண்டு பாக்குமரக் கம்பம் நட்டு ஆடினோம். கோட்டுக்குப் பதில் நைலான் கயிற்றை இழுத்து ஆணியடித்திருப்போம். அதில் தடுக்கி என் கால் கட்டைவிரல் நகம் மூன்று முறை பெயர்ந்திருக்கிறது. 1996-ல் ரங்கூனில் ஒரு கம்பெனி அணி என்னைச் சம்பளத்துக்கு எடுத்தது. ஆனால் இரண்டு வருஷம் பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தேன். ஆண்களுக்கு நெட் 2.43 மீட்டர். நெட்டோரம் அடியைத் தடுக்க, அதாவது பிளாக்குக்கு, நான் எழும்பினால், எதிரே இருக்கிற ஆறடிக்காரன் என் கைக்கு மேலாகவே அடித்து இறக்கிவிடுவான்.

அப்புறம் லிபரோ என்கிற தற்காப்பு ஆட்டக்காரர் இடம் வந்தது. சர்வதேச ஆட்டத்தில் 1998-ல் கொண்டுவந்த விதி. வேறு நிறச் சட்டை, பின்வரிசை மட்டும், சர்வீஸ் கிடையாது, பிளாக் கிடையாது. எதிராளி அடிக்கிற பந்தைத் தரையில் விழாமல் எடுத்து அடிப்பவனுக்குப் பந்தைத் தூக்கிக் கொடுக்கிற செட்டர் கைக்குக் கொடுப்பதுதான் வேலை. ஒரு நாள் சாயங்காலம் எங்கள் சயா (பர்மிய மொழியில் ஆசான், எங்கள் கோச்) மேஜையைத் தூக்கிவந்து நெட் ஓரம் போட்டு, அதன்மேல் ஏறி நின்று என்னைப் பார்த்து அடிக்க ஆரம்பித்தார். இருநூறு பந்தாவது இருக்கும். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை புள்ளி புள்ளியாக ரத்தம் கட்டிவிட்டது. அறையில் கூட இருந்த பர்மியப் பையன் கல்லில் தனக்கா மரப்பட்டையை அரைத்து இரண்டு கைக்கும் பூசிவிட்டான். அந்த எரிச்சலும் குளிர்ச்சியும் இன்னும் நினைவிருக்கிறது. அதற்குப் பிறகு எட்டு வருஷம் அந்த இரண்டு கைதான் எனக்குச் சோறு போட்டது.

ஆகவே உயரமில்லாதவனுக்கு இடமில்லை என்கிறவர் 1998-க்கு முந்தைய ஆட்டத்தைப் பற்றிப் பேசுகிறார். வெளிநாட்டு லிபரோக்களில் ஆறடிக்காரர்கள் இல்லையா என்று யாராவது கேட்பார்கள். இருக்கிறார்கள். நான் தேசிய அணியில் ஆடியவன் இல்லை, என் அளவில் பார்த்ததைத்தான் சொல்கிறேன். படிப்பை விடச் சொல்லவும் இல்லை. ஒப்பந்தம் பெரும்பாலும் ஒரு சீசனுக்குத்தான், பென்ஷன் கிடையாது. நாள் முழுக்கக் குதித்துப் பந்தை அடிக்கிற அட்டாக்கருக்கு முதலில் போவது முட்டி. செட்டரும் லிபரோவும் கொஞ்சம் அதிக நாள் தாங்குவார்கள்.

நல்ல காசு வெளியில்தான். கேரளத்துப் பேராவூரில் பிறந்த ஜிம்மி ஜார்ஜ் அபுதாபி கிளப்புக்கு ஆடி, பிறகு இத்தாலி லீக் வரை போனார். நம் பையன்களுக்குப் பக்கம் தாய்லாந்து. எனக்கும் அங்கே ஒரு கிளப்பிலிருந்து ட்ரையலுக்கு அழைப்பு வந்தது. பாஸ்போர்ட் வேண்டும், அதற்குக் குடியுரிமை அடையாளக் கார்டு வேண்டும். தாத்தா இந்த மண்ணில் காடு வெட்டினார், அப்பா இங்கே பிறந்தார், நானும் இங்கேதான் பிறந்தேன். ஆனாலும் 1982 குடியுரிமைச் சட்டத்தைக் காட்டி, தாத்தா எந்த வருஷம் கப்பலில் வந்தார், அதற்குத் தாள் எங்கே என்று கேட்டார்கள். பள்ளிச் சான்றிதழில் தமிழ்ப் பெயர், வீட்டில் இருப்பவர்களை அரசு பதிந்து தருகிற வீட்டுப் பட்டியலில் பர்மியப் பெயர், இரண்டும் ஒரே ஆள் என்பதற்கு இன்னொரு தாள். பதினான்கு மாதம் அலைந்தேன். மேஜைக்கு மேஜை கொடுத்த காசைக் கணக்கில் சேர்க்கவில்லை. கார்டு கைக்கு வந்தபோது அங்கே சீசனே முடிந்திருந்தது. என்னைவிட மோசமாக ஆடினவன் என் இடத்தில் ஆடினான் என்று கேள்விப்பட்டேன். இதை எழுதும்போதும் வயிறு எரிகிறது.

அதனால் மகனுடைய கார்டில் என்ன பெயர், வீட்டுப் பட்டியலில் என்ன பெயர் என்று இந்த வாரமே எடுத்துப் பாருங்கள். பந்து எடுக்கிறபோது அவன் முட்டியை மடக்கி உட்காருகிறானா, நின்றபடியே கையை நீட்டுகிறானா என்பதையும் கவனித்து எழுதுங்கள், மேற்கொண்டு சொல்கிறேன்.