பெண்கள் சபைக் கமிட்டியில் நிற்பது வேதத்துக்கு விரோதமா?

தேர்தலுக்கு உங்கள் பெயரைக் கொடுத்ததும் யாரோ வசனத்தை எடுத்து நீட்டியிருப்பார்கள், அதனால்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். எனக்கும் அப்படித்தான் நடந்தது.

பெங்களூரில் ஒரு தமிழ்ச் சபை, பெயர் வேண்டாம். பதினான்கு வருடமாக, திருவிருந்தில் திராட்சரசம் கொடுக்கும் கிண்ணங்களைக் கழுவுவது நான். கட்டைவிரல் உயரம்தான் இருக்கும். அடியில் ரசம் காய்ந்துவிட்டால் சுண்டுவிரலில் துணியைச் சுற்றித் துடைக்க வேண்டும். ஒரு ஞாயிறு, தட்டு ஏந்தும் அண்ணாச்சிக்குக் காய்ச்சல். ஆயர் திரும்பிப் பார்த்தார். பக்கத்தில் நான்தான் நின்றேன். என்னைத் தாண்டி, பாடகர் குழுவிலிருந்த காலேஜ் பையனைக் கைகாட்டிக் கூப்பிட்டார். அவன் தட்டை வாங்கிக்கொண்டு என்னிடமே கிசுகிசுத்தான்: "ஆன்ட்டி, எந்த வரிசையிலிருந்து ஆரம்பிக்கணும்?" சொல்லிக் கொடுத்தேன். அன்று வீட்டில் அடுப்பே பற்றவைக்கவில்லை.

பதவி ஆசை என்பவர்கள் சொல்லிக்கொள்ளட்டும். சபையில் பெண்கள் பேசாமல் இருக்க வேண்டும் என்று 1 கொரிந்தியர் 14:34ஐக் காட்டுகிறவர்கள், பவுல் எழுதிய அதே நிருபத்தில் 11:5ஐயும் வாசிக்கட்டும். ஜெபம்பண்ணுகிற, தீர்க்கதரிசனம் சொல்லுகிற பெண்களைப் பவுல் அங்கே தடுக்கவில்லை, தலையில் முக்காடு போடத்தான் சொல்கிறார். ரோமர் 16:1இல் பெபேயாளைச் சபையின் ஊழியக்காரி என்கிறார். கிரேக்கத்தில் அது 'தியாக்கொனோஸ்', தன்னைக் குறிக்கவும் அவர் எழுதும் சொல். பெண் உபதேசிக்கவும் ஆணை அதிகாரம் செய்யவும் கூடாது என்கிற 1 தீமோத்தேயு 2:12 இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, நான் மறைக்கவில்லை. தீமோத்தேயு இருந்த எபேசு பட்டணத்தில் பரவிய துர்உபதேசத்தை மனதில் வைத்து எழுதியது என்று வாசிக்கிறவர்கள் பக்கம்தான் நான்.

சிஎஸ்ஐ என்கிற தென்னிந்தியத் திருச்சபையில் 2013இலேயே புஷ்பா லலிதா நந்தியால் திருமண்டலத்துக்குப் பேராயர் ஆனார். கத்தோலிக்கத் தோழிகள் கோபிக்க வேண்டாம், உங்கள் சபையில் 1994இல் போப் இரண்டாம் யோவான் பவுல் குருத்துவம் ஆண்களுக்கே என்று எழுதியது தெரியும். நான் கேட்பது குருத்துவம்கூட இல்லை, கமிட்டியில் ஒரு நாற்காலி.

அந்தக் கமிட்டிதான் எங்கள் தமிழ் ஆராதனையைக் காலை ஆறரைக்குத் தள்ளிவிட்டு, எட்டரை மணியை இங்கிலீஷ் ஆராதனைக்குக் கொடுத்தது. முழங்கால் வலியோடு இருட்டில் ஆட்டோ தேடும் பாட்டிகளை ஒருத்தர் கேட்டாரா? அந்த அறையில் ஒரு பெண் இருந்திருந்தால் கேட்டிருப்பாள்.

முதலில் உங்கள் சபையின் சட்டதிட்டப் புத்தகத்தைக் கேட்டு வாங்குங்கள். எங்களுடையதில் 'திருவிருந்து எடுக்கும் அங்கத்தினர்' என்றுதான் இருந்தது, ஆண் என்று எங்குமே இல்லை. அந்தப் பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்து வைத்திருக்கிறேன். இந்த முறை நாமினேஷனோடு அதையும் சேர்த்துக் கொடுக்கப்போகிறேன்.