எப்போதாவது எடுக்கும் சார்ஜ் லைட்: கேளுங்கள், சொல்கிறேன்

காட்பாடியில் மோட்டார் காயில் கட்டும் பட்டறை வைத்திருக்கிறேன். லைட் பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன்.

குடியாத்தத்திலிருந்து: அண்ணா, வருஷத்துக்கு நாலு தடவைதான் எடுப்பேன். பழைய எமர்ஜென்சி லைட் எரியவே இல்லை, ஏன்?

சும்மா கிடந்ததால்தான். அந்த மாதிரி லைட்டுக்குள் பெரும்பாலும் 4 வோல்ட் லெட் ஆசிட் பேட்டரி இருக்கும், சார்ஜ் இறங்கினதோடு பரணில் போட்டால் தகட்டில் சல்பேட் படிந்து இறுகிவிடும், அப்புறம் ராத்திரி முழுக்க செருகி வைத்தாலும் ஏறாது. உங்களுக்கு லித்தியம்தான் சரி, அது தானாக இறங்குவது குறைவு. ஆனால் அதையும் ஒரேயடியாக மறந்துவிடக் கூடாது. பொங்கல், சித்திரை ஒன்று, ஆடிக் கிருத்திகை, தீபாவளி என்று ஞாபகம் வைத்து, பாதிக்குக் கொஞ்சம் மேலே ஏற்றி வையுங்கள்.

ராணிப்பேட்டையிலிருந்து: 18650 செல், 9900 எம்ஏஎச் என்று போட்டிருக்கிறதே, வாங்கலாமா?

வேண்டாம். 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம், அவ்வளவுதான் அந்த லித்தியம் செல். எம்ஏஎச் என்பது அது பிடிக்கும் சார்ஜின் அளவு, நல்ல கம்பெனி செல்லே 3500 பக்கம்தான் நிற்கும். நிஜமான 2500 எம்ஏஎச் செல் என்றால் 2.5 ஆம்பியர் அவர், அதைச் செல்லின் 3.7 வோல்ட்டால் பெருக்குங்கள், 9 வாட் அவர் சொச்சம், 5 வாட் லைட் இரண்டு மணி நேரம்கூடத் தாங்காது. அட்டையில் எட்டு மணி நேரம் என்று இருந்தால் அது மங்கலாக எரியவிட்ட கணக்கு.

அணைக்கட்டிலிருந்து: கிணத்து மோட்டார் ஷெட்டுக்கு எத்தனை லூமன் வேணும்ணா?

லூமன் என்பது லைட் தரும் வெளிச்சத்தின் அளவு. ஸ்டார்ட்டரைத் திறந்து பார்க்க 300 முதல் 500 போதும், ஷெட் முழுக்கத் தெரியணும் என்றால் 1000. நான் லூமனைவிடக் காந்தத்தைத்தான் முதலில் பார்ப்பேன், இரும்புப் பெட்டியில் ஒட்டிவிட்டால் இரண்டு கையும் நமக்கு. பிளாஸ்டிக் போர்டில் ஒட்டாது, அதனால் கொக்கியும் வேண்டும். டார்ச்சை வாயில் கவ்வி வேலை பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

ஆம்பூரிலிருந்து: ஷூ கம்பெனியில் இருக்கேன். தோல் நிறம் லைட்டில் மாறித் தெரியுது.

நிறம் எவ்வளவு சரியாகத் தெரியும் என்பதற்கு நூற்றுக்கு இத்தனை என்று போடும் எண்தான் சிஆர்ஐ, அது 90-க்கு மேல் போட்டதாக வாங்குங்கள். வயரில் சிவப்பும் பழுப்பும் குழம்புவதும் இதே கதைதான்.

ஆற்காட்டிலிருந்து: என்னிடம் 18 வோல்ட் பேட்டரி டிரில் இருக்கு.

அப்போ அதே கம்பெனியில், அந்தப் பேட்டரிக்குப் பொருந்தும் லைட்டை மட்டும் வாங்குங்கள். டிரில்லுக்காக எப்படியும் சார்ஜ் போடுவீர்கள், வேறெதையும் யோசிக்கவே வேண்டாம்.

வாலாஜாவிலிருந்து: காரிலேயே வைத்துவிடலாமா சார்?

நம்ம ஊர் வெயிலிலா? அக்னி நட்சத்திரத்தில் வெளியே 40 டிகிரி தாண்டினால், மூடிய காருக்குள் அதைவிட எவ்வளவோ அதிகம். என் வேனில் மறந்து வைத்த லைட் ஒன்றில் தட்டைப் பேட்டரி உப்பி மூடியையே பிளந்துவிட்டது. அப்படி உப்பினதைக் குத்தாதீர்கள், சார்ஜும் போடாதீர்கள்.