புது உளி ஏன் வெட்டவில்லை? ஓடாவியிடம் கேட்டவை

ஆரையம்பதியில் முப்பது வருடமாக ஓடாவி வேலை, அதாவது தச்சு வேலை, செய்கிறேன். வீட்டு வளவில் ஒரு மூலையை ஒதுக்கிச் சின்னதாகப் பட்டறை போடத் தொடங்கியவர்கள், புதிதாக வாங்கிய ஆயுதங்களைப் பற்றிக் கேட்ட கேள்விகள் இவை. கடையில் காசு கொடுத்ததோடு ஆயுதம் வேலைக்குத் தயார் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். வந்த கேள்விகளில் பாதி அதிலிருந்து வந்தவை.

களுவாஞ்சிகுடியிலிருந்து: ஐயா, நாலு உளி உள்ள செட் ஒன்று வாங்கினேன். முதிரைக் கதவுக்குப் பிணைச்சல் இறக்கப் பார்த்தால், மரத்தை வெட்டாமல் நசுக்குகிறது. போலிச் சாமானா?

அவசரப்பட்டுப் போலி என்று சொல்லாதீர்கள், தம்பி. கம்பனியில் உளிக்குச் சரிவு மட்டும்தான் பிடித்துத் தருவார்கள், பெரும்பாலும் 25 பாகை. கூர் வைப்பது நம்முடைய வேலை. கறள் பிடிக்காமல் இருக்க மேலே ஒரு பூச்சும் அடித்திருப்பார்கள். முதலில் மண்ணெண்ணெயில் நனைத்த சீலையால் அதைத் துடைத்து எடுங்கள்.

இனி உளியின் தட்டைப் பக்கத்தை வெளிச்சத்தில் சரித்துப் பாருங்கள். நுனியிலிருந்து மேலே மெசின் கீறிய கோடுகள் தெரியும். அந்தக் கோடுகள் வாய்க்கு, அதாவது வெட்டும் விளிம்புக்கு, வரும் இடத்தில் அது வாளின் பல் மாதிரி இருக்கும். அதனால்தான் மரம் நசுங்குகிறது. கண்ணாடிக் கடையில் வெட்டி மிஞ்சிய தடிப்பான கண்ணாடித் துண்டொன்று கேட்டு வாங்குங்கள். அதன்மேல் தண்ணீர் சாண்ட்பேப்பரை ஒட்டி, 220, 400, 800, 1200 என்ற இலக்கத் தாள்களில் வரிசையாகப் போங்கள், இலக்கம் கூடக் கூடத் தாள் நைஸ். தட்டைப் பக்கம் முழுவதையும் தேய்த்துக் களைக்க வேண்டாம். நுனியிலிருந்து இரண்டு மூன்று சென்ரிமீற்றர் போதும். உங்கள் கண் அதில் தெரியவேண்டும்.

பிறகுதான் சரிவுப் பக்கம். 25 பாகையில் படிய வைத்து, பின்பக்கத்தைச் சற்றே உயர்த்தினால் வாயில் மட்டும் 30 பாகை வரும். முதிரை, பாலை மாதிரி வைரமான மரத்துக்கு இந்த 30தான் நிற்கும். தேய்க்கத் தேய்க்கத் தட்டைப் பக்கத்தில் விரலை வெளிநோக்கி இழுத்தால் மெல்லிய பிசிர் தட்டுப்படும். வாய் முழு அகலத்துக்கும் பிசிர் வந்துவிட்டால் சரிவு முடிந்தது. தட்டைப் பக்கத்தை நைஸ் தாளில் இரண்டு மூன்று முறை படிய இழுத்துப் பிசிரை எடுத்துவிடுங்கள். ஒரு பலகையின் தலைப்பில், அதாவது குறுக்கு வெட்டில், கையால் தள்ளிச் சீவிப் பாருங்கள். பொடியாக உதிராமல் சுருளாக வந்தால் உளி நல்ல உளி. இவ்வளவும் செய்த பிறகும் நாலு தட்டில் வாய் மடங்கினால், அப்போது கடைக்காரரிடம் போங்கள்.

காத்தான்குடியிலிருந்து: அண்ணன், புது அளவு நாடாவின் முனைக் கொக்கி ஆடுகிறது. மாற்றித் தந்த இரண்டாவதும் ஆடுகிறது.

மூன்றாவதும் ஆடும், அது பழுதில்லை. கொக்கியின் தகடு எவ்வளவு தடிப்போ அவ்வளவு தூரம் அது நகரவேண்டும். பலகையின் விளிம்பில் கொழுவி இழுக்கும்போது வெளியே வரும். சுவரில் முட்டி அளக்கும்போது உள்ளே போகும். இரண்டு விதமாக அளந்தாலும் ஒரே கணக்கு வருவதற்காகத்தான் அப்படிச் செய்திருக்கிறார்கள். சுத்தியலால் தட்டி இறுக்கிவிடாதீர்கள்.

சம்மாந்துறையிலிருந்து: தம்பி சவூதியிலிருந்து ஒரு ட்ரில்லும் மேசைச் சாணையும் கொண்டுவந்தார். பிளக்கை மாற்றிப் போட்டால் சரிதானே?

பிளக்குக்கு முன் மெசினில் ஒட்டியிருக்கும் தகட்டை வாசியுங்கள். நமக்கு 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். சவூதியில் 60 ஹேர்ட்ஸ். முன்பு 127 வோல்ட் கரண்டும் அங்கே இருந்தது. தகட்டில் 110, 120, 127 என்று எது இருந்தாலும் இங்கே நேரே கொழுவ வேண்டாம், புகைந்துவிடும்.

220 என்று இருந்தால் ட்ரில்லுக்குப் பயமில்லை. கார்பன் பிரஷ் உள்ள மோட்டார் 50, 60 பார்ப்பதில்லை. சாணை வேறு சாதி. அதில் பிரஷ் இல்லை, கரண்டின் ஹேர்ட்ஸ் கணக்கில்தான் சுற்றும். 60 ஹேர்ட்ஸில் நிமிடத்துக்கு 3,450 சுற்றுவது இங்கே 2,850 அளவுக்கு இறங்கும், மோட்டாரும் கூடச் சுடும். தகட்டில் 50/60 என்று இருந்தால் தாராளமாகப் பாவியுங்கள். 60 மட்டும் என்றால் கொஞ்ச நேரம் ஓட்டி, நிறுத்தி, கையை வைத்துச் சூடு பார்த்துத்தான் வேலை செய்யவேண்டும்.

அந்தச் சாணையில் உளி தீட்டும்போது பக்கத்தில் தண்ணீர்ச் சட்டி இருக்கட்டும். வாய் நீலமாக மாறிவிட்டால் அந்த இடத்தில் உருக்கின் கடினம் போய்விட்டது. நீலம் முழுவதும் போகும்வரை தேய்த்து எறிவதைத் தவிர வேறு வழியில்லை.

கல்லடியிலிருந்து: வாங்கி இரண்டு மாதம்கூட இல்லை, சீவுளியின் அடிப்பக்கம் முழுக்கக் கறள். நல்லெண்ணெய் பூசித்தான் வைத்தேன்.

ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. உங்கள் வீட்டில் இரும்பு கறள் பிடிக்காவிட்டால்தான் அதிசயம். காற்றில் வரும் உப்பு இரும்பில் படிந்து ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். நல்லெண்ணெய் நாளாக ஆகப் பிசினாகிவிடும், அதில் தூசியும் மரத்தூளும் ஒட்டும். மரத்தூள் ஈரத்தைக் குடிக்கும். தையல் மெசின் எண்ணெய் நாலு சொட்டுப் போதும். பழைய சாரத்துண்டு ஒன்றில் அதை ஊறவைத்து ஒரு டப்பாவில் போட்டு வையுங்கள். வேலை முடிந்ததும் தூளைத் தட்டி, அந்தத் துண்டால் ஒரு துடை. என்னுடைய சீவுளிகள் மாரி காலத்திலும் அப்படித்தான் தப்புகின்றன.

இப்போதுள்ள கறள் மேலோட்டமாக இருந்தால் நைஸ் சாண்ட்பேப்பரும் எண்ணெயும் போதும். ஆழமாக இருந்தால் வினாகிரியில் ஓர் இரவு ஊறவிட்டுத் தேய்த்துக் கழுவி, அப்பச்சோடா கரைத்த தண்ணீரில் அலசி, உடனே வெயிலில் காயவைத்து எண்ணெய் பூசுங்கள். அப்பச்சோடாவை விட்டுவிட்டால் மிச்சப் புளிப்பு அடுத்த நாளே புதுக் கறளைக் கொண்டுவரும்.

அக்கரைப்பற்றிலிருந்து: புது கிரைண்டரில் பலகை வெட்டப் பல் வைத்த சில்லு போடலாமா? கடையில் விற்கிறார்களே.

வேண்டாம். இதை நான் மன்றாடியே கேட்கிறேன். நாலரை இஞ்சிக் கிரைண்டர் நிமிடத்துக்கு 11,000 அளவில் சுற்றும். அந்த வேகத்தில் ஒரு பல் மரத்தில் கடித்தால் மெசின் கையை உதறிக்கொண்டு உங்கள் பக்கம் திரும்பும். சில்லு கொள்ளவில்லை என்று காவல் தகட்டையும் கழற்றித்தான் பலர் போடுகிறார்கள். என் இடது பெருவிரலுக்கு மேலே ஆறு தையல் இருக்கிறது. அன்று காவல் தகடு இல்லை. பலகைக்குக் கைவாள் இருக்கிறது, வட்ட வாள் இருக்கிறது. கிரைண்டர் இரும்புக்கும் கல்லுக்கும்தான்.

இரும்பு வெட்டும் மெல்லிய சில்லு வாங்கும்போது நடுவில் உள்ள தகர வளையத்தைப் பாருங்கள். மாதமும் வருடமும் அடித்திருப்பார்கள், அதுதான் முடிவுத் திகதி. அநேகமாகச் செய்த நாளிலிருந்து மூன்று வருடம். உள்ளே இருப்பது பிசின். பழசானாலும் ஈரம் ஏறினாலும் பலம் குறையும், ஓடும்போது சிதறும். எந்தச் சில்லு போட்டாலும் கண்ணுக்குக் காப்புக் கண்ணாடி இல்லாமல் சுவிச்சைத் தொடாதீர்கள்.

திருக்கோவிலிலிருந்து: 48 வோல்ட் பற்றரி ட்ரில் மலிவாகக் கிடைக்கிறது. 20 வோல்ட்டை விட அதுதானே பலம்?

பற்றரிக் கூட்டுக்குள் எத்தனை செல் என்று கேளுங்கள். லித்தியம் செல் ஒன்று 3.6 வோல்ட், முழுதாக ஏறினால் 4.2. ஐந்து செல் வரிசையாக இருந்தால் 18. முழு சார்ஜில் 21. ஆகவே 18, 20, 21 எல்லாம் ஒரே பற்றரிக்கு மூன்று பெயர். ஐந்தே செல்லை வைத்துக்கொண்டு 48 என்று எழுதினால் அது வெறும் எழுத்து. தகரக் கூரைக்குக் கீழே பற்றரியை வைக்காதீர்கள், சூட்டில்தான் அது சீக்கிரம் சாகும்.

வாழைச்சேனையிலிருந்து: ஐயா, நான் வீட்டிலேயே சின்ன அலுமாரி, தட்டு செய்யப் பழகுகிறேன். கையில் உள்ள காசு கொஞ்சம். எதை முதலில் வாங்க?

சந்தோசம் மகள். பெரிய செட் எதுவும் வேண்டாம். ஒரு கைவாள், முக்கால் இஞ்சி உளி ஒன்று, மூலைமட்டம், அளவு நாடா, சுத்தியல், பலகையைப் பிடித்து வைக்க இரண்டு இறுக்கி (கிளாம்ப்). தீட்டுகிற கல்லை மறந்துவிடாதீர்கள். கல் இல்லாத வீட்டில் உளி ஒரு மாதம்தான் உளி. வாளின் பல் நுனி நீலக்கறுப்பாக இருந்தால் அது சூடேற்றிக் கடினமாக்கிய பல். நீண்ட நாள் வெட்டும், ஆனால் அரம் பிடிக்காது, மழுங்கினால் புதுசுதான். தொடங்குபவருக்கு அது நல்லது.

மூலைமட்டத்தைக் கடையிலேயே சோதித்து வாங்குங்கள். நேரான விளிம்புள்ள பலகையில் வைத்துப் பென்சிலால் ஒரு கோடு. மட்டத்தை மறுபக்கம் புரட்டி, அதே புள்ளியிலிருந்து இன்னொரு கோடு. இரண்டும் ஒன்றாகப் படிந்தால் காசைக் கொடுங்கள். கோடுகள் விலகி விரிந்தால் வைத்துவிட்டு அடுத்ததை எடுத்துக் கீறுங்கள். கடைக்காரர் முகத்தைப் பார்க்கவேண்டாம்.