மார்மன் சபை அமெரிக்காவின் குடும்ப வரலாற்றுத் தேடலுக்கு மையமானது எப்படி?

காரணம் அவர்களுடைய ஒரு சடங்கு. 1830-இல் நியூயார்க் மாநிலத்தில் ஜோசப் ஸ்மித் தொடங்கிய கிறிஸ்தவ மரபுச் சபை இது. இறந்தவர்களுக்காக உயிரோடிருப்பவர் ஞானஸ்நானம் பெறலாம் என்று 1840-இல் அவர் போதித்தார். அதைச் செய்ய மூதாதையரின் பெயர், பிறந்த ஊர், தேதி எல்லாம் துல்லியமாகத் தெரிய வேண்டும். 1844-இல் ஸ்மித் கொல்லப்பட்டார். பிரிகம் யங் தலைமையில் பெரும்பாலோர் 1847 முதல் இன்றைய யூட்டா மாநிலத்தின் சால்ட் லேக் பள்ளத்தாக்குக்குப் போனார்கள். தேடல் மட்டும் நிற்கவில்லை.

1894-இல் வம்சாவளிச் சங்கம் அமைத்தார்கள். 1938-இல் தேவாலயப் பதிவேடுகளையும் அரசு ஆவணங்களையும் மைக்ரோஃபிலிமில் (பக்கங்களை மிகச் சிறிதாக்கிப் பதியும் ஃபிலிம் சுருளில்) படமெடுக்கத் தொடங்கினார்கள். சுமார் 24 லட்சம் சுருள்கள். அந்தச் சுருள்களின் மூலப்படிகளைப் பாதுகாக்க சால்ட் லேக் நகரருகே கிரானைட் மலையைக் குடைந்து பெட்டகமே கட்டினார்கள். 1999 முதல் சபையின் ஃபேமிலிசர்ச் இணையதளம் எல்லா மதத்தினருக்கும் இலவசம். பாட்டனாரைத் தேடும் அமெரிக்கர் பலர் இந்தச் சபையின் உழைப்பைத்தான் பயன்படுத்துகிறார்கள்.

ஃபேமிலிசர்ச்சில் தேடுபவர்கள் கவனிக்க வேண்டியது: அங்குள்ள குடும்ப மரம் பொதுவானது, யாரும் திருத்தலாம். ஒரே பெயருள்ள இருவரை யாரோ ஒன்றாக இணைத்துவிட்டால் பெற்றோர், பிள்ளைகள் எல்லாமே குழம்பிவிடும். ஆகவே மரத்தை நம்பாமல் பதிவேட்டின் படத்தைத் திறந்து பாருங்கள். பதிவேட்டின் கையெழுத்தைத் தவறாகப் படித்ததால், தேடுவதற்கான பெயர்ப் பட்டியலிலும் பிழை வரும். ஊரையும் ஆண்டையும் வைத்துப் பக்கம் பக்கமாகப் புரட்டுவதே பலன் தரும்.

இச்சடங்கு காயப்படுத்தியதும் உண்டு. நாஜிப் படுகொலையில் மாண்ட யூதர்களின் பெயரிலும் ஞானஸ்நானம் நடந்தது. யூத அமைப்புகளின் கண்டனத்துக்குப் பின், 1995-இல் அதை நிறுத்தச் சபை ஒப்புக்கொண்டது. பிறகும் மீறல்கள் வெளிவந்தன.